வெளியே தள்ளிய சூடு

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், என் வாயில் எஞ்சியிருக்கும் இரண்டு பற்களும் இன்றைக்கே உதிர்ந்து போகட்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இல்லை, அவற்றால் உனக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பயனில்லாத பொருளை வைத்து நான் சத்தியம் செய்வதில்லை. அவை எனக்கு வேண்டும். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அந்தக் கோடையில் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு, நிழல் பார்த்துச் சுவரோரமாக நடந்து போயின. கடைகளில் மெழுகுவர்த்திகள் வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லின. தார் உருகிய சாலையில் செருப்பைப் பறிகொடுத்த ஒரு குமாஸ்தா, அதை மீட்கக் குனிந்து மூக்குக்கண்ணாடியையும் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினார். கொடியில் உலர்த்திய சட்டையை எடுத்து அப்படியே அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம். இஸ்திரி போட்டு மடிப்பும் விழுந்திருக்கும். நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அப்படியொரு முற்பகலில்தான் ஏசி மெக்கானிக்கின் மனைவி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல கையை விட்டுப் பாருங்க."

படுக்கையறை ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்க அவள் வைத்திருக்கும் வாளி அது. மெக்கானிக் கையை விட்டான். யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அவன் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்தத் தண்ணீரைத்தான். சில்லென்று இருந்தால் இயந்திரம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். இன்று அது வெதுவெதுவென்று இருந்தது. வெயிலில் வைத்த தண்ணீரின் சூடு அல்ல அது. தூங்கி எழுந்த பிள்ளையின் கழுத்தடியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு.

கையை உதறிவிட்டு, பழக்கதோஷத்தில் மேலுதட்டு வியர்வையைத் துடைத்தான். நாக்கில் உப்புக் கரித்தது. அவன் வியர்வையின் உப்பு அவனுக்குத் தெரியும். இது வேறு யாருடையதோ.

"கேஸ் கம்மியா இருக்கும்" என்றான்.

"கேஸ் கம்மியானா தண்ணி உப்பாயிடுமா?"

"நீ எதுக்கு அதைக் குடிச்ச?"

"நான் ஏன் குடிக்கறேன்? தரை துடைச்சேன். காஞ்ச இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு. ஊரான் வீட்டு மெஷினுக்கு நாடி பிடிச்சுப் பாக்கறீங்க, நம்ம வீட்டு மெஷின்னா மட்டும் ஏதாவது ஒண்ணு சொல்லி மழுப்பறீங்க."

"சாயங்காலம் பாக்கறேன்."

"சாயங்காலம் வரைக்கும் அது ஓடணுமே" என்றாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. இருவரும் மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார்கள்.

உள்ளே அவர்களுடைய மகள் படுத்திருந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பெண். வீட்டில் அவளுக்கு 'வாண்டு' என்று பெயர். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவளுக்கு உடம்பு கொதித்தது. கண் மேலே செருகி, கைகால் இழுத்துக்கொண்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக் ஓடிய ஓட்டத்தில் அவன் செருப்பும் தாரோடு போயிற்று. டாக்டர் நீட்டி முழக்கவில்லை. "உடம்பு சூடாக விடாதீங்க. இன்னொரு தடவை இப்படி வலிப்பு வந்தா பிள்ளை தாங்காது" என்றார். அன்றிலிருந்து அந்த அறையின் சன்னல்களையெல்லாம் டேப் ஒட்டி அடைத்து, கதவிடுக்கில் பழந்துணி செருகி, ஏசியை அணைக்காமல் ஓடவிட்டிருந்தான். வேலைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டான். ஊரே அவனைத் தேடியது. அவனோ தன் வீட்டு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதில் ஒரு பிசிறு தட்டினாலும் எழுந்து போய்ப் பார்த்தபடி, காவல் நாயைப் போல அந்தக் கதவோரம் கிடந்தான்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடுவில், எல்லா வீட்டுக் குளியலறைகளும் பார்த்தபடி, தரையிலிருந்து மொட்டைமாடிவரை செங்குத்தாக ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். காற்றுக்காக விட்டது. குடியிருப்பவர்கள் அதைப் 'பொந்து' என்பார்கள். எந்த வீட்டில் ஏசி வாங்கினாலும் அதன் வெளிப்பெட்டியை, அதாவது அறையின் சூட்டை வாங்கி வெளியே ஊதும் பெட்டியை, மெக்கானிக் அந்தப் பொந்தில்தான் மாட்டினான். வெளிச்சுவரில் மாட்டினால் கயிறு கட்டித் தொங்க வேண்டும். பொந்தில் என்றால் குளியலறைச் சன்னல் வழியாகவே கை எட்டும். பெட்டியின் முகத்துக்கு எதிரே திறந்த வெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் ஊதிய சூட்டைத் தானே குடிக்கும் என்பது அவன் தொழிலில் பிள்ளைப் பாடம். அது தெரிந்தேதான் எதிரெதிராக, முகத்துக்கு முகம், அடுக்கடுக்காக மாட்டினான். மேலேதான் திறந்திருக்கிறதே, போய்விடும் என்று நினைத்தான்.

இந்தக் கோடையில், உச்சி வெயில் நேராகப் பொந்துக்குள் இறங்கிப் பெட்டிகளைச் சுடுகிறது என்று எல்லோரும் கூடிப் பேசி, மேலே தகரம் போட்டு மூடச் சொன்னார்கள். அந்தத் திருகுகளை யார் முடுக்கினார்கள் என்று கேட்கிறீர்களா? அவன்தான். நல்ல இறுக்கமாக முடுக்கினான்.

படிக்கட்டுதான் அந்தக் கட்டடத்தில் கொஞ்சம் நிழலான இடம். மெக்கானிக் கருவிப்பெட்டியை எடுக்கக் கீழே இறங்கியபோது அங்கே வழக்கமான வழக்கு நடந்துகொண்டிருந்தது. மேல்மாடி டீச்சர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி கீழே டாக்ஸி ஓட்டும் மச்சான், மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி, சட்டையில்லாமல் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்றான். அவன் வண்டியில் ஸ்டீயரிங்கைத் தொட முடியாததால் அன்று சவாரி இல்லை.

"புகைப்பா, எல்லாம் புகை" என்றாள் டீச்சர். "நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு பூமிக்கு அடியில கிடந்ததையெல்லாம் தோண்டி எடுத்து எரிச்சோம். அந்தப் புகை மேல போர்வை மாதிரி மூடிக்கிச்சு. சூடு உள்ளேயே தங்கிப் போச்சு."

"என் ஒரு டாக்ஸியை வச்சுக்கிட்டு நான் உலகத்தையே எரிச்சுட்டேனா டீச்சர்? சூரியன் கிட்ட வருது. போன்ல வீடியோ வந்திருக்கு."

"சூரியன் கிட்ட வந்தா முதல்ல அந்த வீடியோ எடுத்தவன்தான் கருகியிருக்கணும்."

"அவன் நிழல்ல நின்னு எடுத்திருப்பான்."

மெக்கானிக்குக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "ரோடு போடறேன்னு மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க, அதான்" என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்து வைத்தான்.

டீச்சர் திரும்பி அவனைப் பார்த்தாள். "அதுவும்தான் தம்பி. நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம வீட்டுக்குள்ள இருக்கற சூட்டை உங்க மெஷின் வெளிய தள்ளுதுல்ல, அது எங்க போகுது?"

"வெளியதான்."

"வெளியன்னா?"

"பொந்துக்கு."

"பொந்துலேர்ந்து?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். தகரத்தின் நினைவு வந்தது. மூடிக்கொண்டான்.

"வாடகை குடுக்காம அங்கயே குடியிருக்கு போல மாமா" என்றான் மச்சான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "சூடு சாகாது தம்பி. இடம் மாறும், அவ்வளவுதான். என் மூச்சு, உங்க பிள்ளையோட காய்ச்சல், இவனோட வியர்வை, எல்லாம் அங்க ஒண்ணாக் கலந்து நிக்குது. ரெண்டு நாளா எங்க வீட்டுக் குளியலறைச் சுவரைத் தொட முடியலை. எங்க வீட்டுக்காரர் முதுகைத் தொட்ட மாதிரி இருக்கு. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாச்சு."

 படிக்கட்டின் நிழலில் மூன்று பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு, அவர்களுடையது அல்லாத இன்னொன்றும் கேட்டது போல மெக்கானிக்குக்குத் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெரிதாக, நிதானமாக, பெட்டிகளின் இரைச்சலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக் கதவைத் திறந்தான். ஏசி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது, ஆனால் அறையில் புழுக்கம் முகத்தில் அறைந்தது. திரைச்சீலைகளின் பழந்தூசி மணமும் டேப்பின் பசை உருகிய மணமும் கலந்து தொண்டையில் ஒட்டின. பொந்து நிரம்பிவிட்டது, இனி இந்த இயந்திரத்தால் ஒரு துளிச் சூட்டையும் வெளியே தள்ள முடியாது என்று அவனுக்குப் புரிந்தது. பிள்ளை எரிந்துகொண்டிருப்பாள் என்று பாய்ந்து போய் நெற்றியில் கை வைத்தான்.

வாண்டு சில்லென்று இருந்தாள்.

அவன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். கன்னம், கழுத்து, கக்கம், வயிறு. மண்பானையின் வெளிப்புறத்தைப் போன்ற குளிர்ச்சி. மூச்சு வந்துகொண்டிருந்தது. மெதுவாக வந்தது. பெயர் சொல்லி அழைத்தான், கன்னத்தைத் தட்டினான், உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினான். உள்ளங்காலைத் தொட்டாலே வீட்டைத் தலைகீழாக்கும் பிள்ளை அசையவே இல்லை.

அவன் கருவிப்பெட்டியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. விசையை அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடத்தின் சூட்டை எண்ணாகக் காட்டும். 'சுடாத துப்பாக்கி' என்று வாண்டு அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அதை எடுத்துச் சுவரில் காட்டினான். கட்டிலில் காட்டினான். தலையணையில் காட்டினான். பிறகு பிள்ளையின் நெற்றியில். தலையணைக்கு என்ன எண்ணோ அதைவிடக் குறைந்த எண்தான் அவளுக்கு.

"தூங்கறாளா?" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

"ம்."

"இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கறா. காலையிலேர்ந்து சிணுங்கவே இல்லை."

 சூட்டை எடு, சூட்டை எடு என்று இரவும் பகலும் இயந்திரத்தை ஓட்டினானே. அது பொந்து நிரம்பும் வரை, அறையில் எடுக்கச் சூடு தீர்ந்த பிறகும், எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்பதை நினைக்கப் பயந்து, குளியலறைக்குப் போனான்.

குளியலறைச் சன்னல் பொந்தைப் பார்த்தது. பால் நிறக் கண்ணாடிப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்துச் செருகியவை. கீழ்ப்பட்டையை உருவி எடுத்தான். உள்ளிருந்து வந்த காற்று வெறும் அனல் அல்ல. அதில் தலைமுடி எண்ணெயின் வாசனை இருந்தது, போர்வைக்குள்ளே அடைபட்ட தூக்கத்தின் வாசனை இருந்தது, யாரோ வெகுநாள் படுக்கையில் கிடந்த மருந்து வாசனை, பால் புளித்த வாசனை, ஆத்திரத்தில் கத்தியவனின் வாய் வாசனை. ஒரு கட்டடம் முழுதும் குடியிருந்த மனிதர்களை ஒரே சட்டைப்பைக்குள் திணித்தது போல இருந்தது. உள்ளே பகலிலும் கும்மிருட்டு. பெட்டிகளின் விசிறிகள் அந்த இருட்டை அரைத்துக்கொண்டிருந்தன.

கருவியை நீட்டி விசையை அழுத்தினான். சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் விழ வேண்டும். விழவில்லை. நடுவில், ஒன்றுமில்லாத வெளியில், நின்றது.

எண்ணைப் பார்த்தான். சுகமாக இருக்கும் ஒரு மனிதனின் உடம்புச் சூடு.

புள்ளியை மெல்ல மேலே நகர்த்தினான். சிறிது தூரம் வரை அதே எண். அதற்கு மேலே எதுவும் இல்லை. கட்டிலருகே நிற்கவைத்து அவன் அளந்திருக்கிறான். வாண்டுவின் உயரம் அது.

மொட்டைமாடிக்கு ஓடினான். தகரத்தைக் கழற்றினால் சூடு மேலே போய்விடும், இயந்திரம் இயந்திரமாக ஓடும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. பின்னாலேயே மச்சான் ஒரு குடையை விரித்துக்கொண்டு வந்தான். குடைத்துணியில் ஏற்கெனவே புகை வாடை.

"மாமா, உச்சி வெயில்ல யாராச்சும் மாடிக்கு வருவாங்களா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா என்னைத்தான் வறுத்து எடுப்பா. ஏற்கெனவே பாதி வறுபட்டுத்தான் நிக்கறேன்."

"குடையைச் சரியாப் பிடி. பேசாதே."

தகரம் அடுப்பில் வைத்த கல்லைப் போலிருந்தது. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு திருகுகளைக் கழற்றினான். ஒரு மூலை விடுபட்டது. நெம்பினான். இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில், அரிவாள் மாதிரி, பொந்துக்குள் இறங்கியது. உள்ளிருந்து ஒரு பெருமூச்சு மேலே எழும்பி அவன் முகத்தில் மோதிக் கலைந்தது. யாரோ போய்விட்டார்கள். அப்படித்தான் அவனுக்குப் பட்டது.

அப்போது கீழேயிருந்து அந்தக் குரல்.

"அப்பா. மூடுப்பா. நான் மேல போயிடுவேன்."

வாண்டு.

கெஞ்சும்போது அவள் கடைசி எழுத்தை இழுப்பாள். அதே இழுப்பு.

"மாமா? என்ன ஆச்சு? ஏன் இப்படி நடுங்கறீங்க, இந்த வெயில்ல?"

"கேட்டுச்சா?"

"என்ன?"

மெக்கானிக் தகரத்தின்மேல் இரண்டு முழங்கால்களையும் வைத்து அழுத்தி உட்கார்ந்தான். கால்சட்டை பொசுங்கியது. தோல் பொசுங்கியது. எழவில்லை. கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி மறுபடி முடுக்கினான், விரல் வழுக்கியது, மறுபடி முடுக்கினான். குடையைப் பிடித்தபடி மச்சான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். 

கடைசித் திருகு இறுகியபோது மின்சாரம் நின்றது.

ஊரெல்லாம் ஏசி ஓடினால் கம்பி தாங்காது என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான். கட்டடத்தின் எல்லாப் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முனகி அடங்கின. அதன்பின் வந்த அமைதியில், படி இறங்கி ஓடிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குப் பொந்தின் மூச்சு இப்போது ஒளிவுமறைவில்லாமல் கேட்டது. ஒன்றல்ல. பல. கிழ மூச்சு, இருமல் மூச்சு, பால்குடி மூச்சு.

வீட்டில் மனைவி குடம் குடமாகத் தண்ணீரை மொண்டு தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். படுக்கையறை, கூடம், குளியலறை வாசல் வரை ஈரம் பளபளத்தது. "ஏசி நின்னுடுச்சுங்க! பிள்ளைக்குச் சூடு ஏறிடப் போகுதுங்க!" என்று அழுதாள்.

"தொட்டுப் பாரு" என்றான்.

அவள் தொட்டாள். அழுகை நின்றது. மறுபடி தொட்டாள். பிறகு பிள்ளையை வாரி மார்போடு அணைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்கையைத் தேய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதி, "என்னங்க இது, என்னங்க இது" என்று அதையே சொன்னாள்.

"அவ சூடு அங்க இருக்கு" என்றான் மெக்கானிக்.

"எங்க?"

"அப்பா" என்றது குளியலறை.

மனைவி பிள்ளையின் உதடுகளைப் பார்த்தாள். மூடியிருந்தன. குளியலறைப் பக்கம் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்பாள் என அவன் நினைத்தான். எந்தத் தாயும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அவன் போனான்.

கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். எல்லாவற்றையும் உருவினான். இருட்டு சன்னல் வரை வந்து நின்றது. வாசனை. மூச்சு. கையை நீட்டினான்.

"வாடா கண்ணு. அப்பாதான்."

ஒரு சின்னக் கை அவன் சுட்டுவிரலைப் பிடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிடி தெரிந்தது. சாலை கடக்கும்போது பிடிக்கும் பிடி. கதகதப்பாக. உயிரோடு.

தூக்கினான். எடையே இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டது, கழுத்து வியர்வை உலர்ந்தது. தோளில் தலை சாய்த்தது; சட்டையின் ஈரம் உலர்ந்தது. நெருப்பைச் சுமப்பவனைப் போல இரண்டு கைகளையும் ஏந்தி, ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து வந்தான். மனைவி கட்டிலில் பிள்ளையைக் கிடத்தி விலகி நின்றாள். குனிந்தான். இறக்கி வைத்தான்.

கைகள் காலியாயின.

கன்னத்தில் முதலில் சிவப்பு வந்தது. பிறகு உதட்டில். மெக்கானிக் கருவியை நெற்றிக்கு நீட்டினான். எண் ஏறியது. தலையணையைத் தாண்டியது. சுவரைத் தாண்டியது. ஏறி, ஏறி, பிள்ளைக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. வாண்டு கண்ணைத் திறந்தாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அவன் தோளில் குத்தினாள்.

"அம்மா, ஏன் அழற?"

"ஒண்ணுமில்லடி செல்லம். ஒண்ணுமில்ல."

வாண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்தாள். போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"எதுக்கு இடம் விடற?" என்றான்.

"அவங்களுக்கு."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்.

ஈரத் தரை. குளியலறை வாசலில், அந்த ஈரத்தின் நடுவே, ஒரு பாதம் அளவுக்குத் தரை உலர்ந்தது. வெள்ளையாக. ஐந்து விரலும் தெரிய. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. பெரிய பாதம். கிழப் பாதம், ஒரு காலை இழுத்து நடப்பது. அதை ஒட்டித் தவழ்ந்து வரும் இரண்டு உள்ளங்கைகள்.

சன்னல். பட்டைகளைத் திரும்பச் செருகவில்லை.

பாய்ந்தான். கூடத்துக்கே போக முடியவில்லை. படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அனல், கூட்ட நெரிசலைப் போல. தோள்கள் இடித்தன, முழங்கைகள் இடித்தன, யாரோ காதருகே "கொஞ்சம் தள்ளுப்பா" என்றார்கள். கட்டிலருகே தள்ளப்பட்டான். மனைவி அவன் கையைப் பிடித்தாள். நெரிசல் இருவரையும் அசைய விடாமல் சுவரோடு அழுத்தியது.

தடங்கள் கட்டிலை அடைந்தன. கட்டிலின் ஓரம் அமுங்கியது.

"வாங்க" என்றாள் வாண்டு. கன்னம் சிவந்திருந்தது. கண் பளபளத்தது.

மறுபடி அமுங்கியது.

கருவி மெக்கானிக்கின் கையில் இருந்தது. சிவப்புப் புள்ளி பிள்ளையின் நெற்றியில் இருந்தது. எண் ஏறியது. காய்ச்சலைத் தாண்டியது. மனித உடம்பைத் தாண்டியது.

"டேய் நகருங்க, அவ குழந்தைடா!" என்று கத்தினான். "என்னை எடுத்துக்குங்க! இங்க வாங்க! என்கிட்ட வாங்க!"

யாரும் வரவில்லை. இவ்வளவு நேரம் குளிர்ந்து கிடந்த அந்தச் சின்ன உடம்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

தலையணை உறை மஞ்சளித்தது. வாண்டுவின் கண் மெல்ல மேலே செருகத் தொடங்கியது. அப்போதும் அவள் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள், சிரித்த முகமாக, விருந்தாளிகளை வரவேற்கும் வீட்டுக்காரியைப் போல. வாசலிலிருந்து கட்டில்வரை தரை முழுதும் வெள்ளைப் பாதங்கள். நடுவே ஈரம் திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருந்தது. அந்தத் திட்டுகளிலும், ஒவ்வொன்றாக, விரல்கள் பதிந்துகொண்டிருந்தன.

வாண்டுவுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் ஏசி போடத் துணியவில்லை; அன்று நின்ற மின் இணைப்பு இன்றுவரை திரும்பக் கொடுக்கப்படவில்லை.